நட்சத்திரங்களை எண்ணுகிறோம், கட்டுரையைப் படிக்கிறோமா?

நேயர்களுக்கு வணக்கம். கணக்கியல், நிதியியல் பேராசிரியர்கள் சந்தித்துக்கொண்டால் அடிக்கடி வரும் கேள்வி, "எந்த ஜர்னலில் வந்தது?" என்பதுதான். "என்ன கண்டுபிடித்தீர்கள்?" என்பது அதற்கு அப்புறம்தான். சில நேரம் அந்தக் கேள்வி வராமலே பேச்சு முடிந்துவிடும்.

இந்தத் துறையில் உச்சியில் இருக்கும் ஜர்னல்களை, அதாவது ஆய்விதழ்களை, விரல்விட்டு எண்ணிவிடலாம். 1926-இல் தொடங்கிய 'தி அக்கவுண்டிங் ரிவியூ', 1946-இல் வந்த 'ஜர்னல் ஆஃப் ஃபைனான்ஸ்', இன்னும் நான்கைந்து. பிரிட்டனில் வணிகப் பள்ளிகளுக்கான வழிகாட்டி ஒன்று, இதழ்களின் தரத்தைக் காட்ட எண்ணும் நட்சத்திரமும் போடுகிறது. ஆஸ்திரேலியப் பட்டியல் எழுத்தால் தரம் பிரிக்கிறது. 'ஃபைனான்ஷியல் டைம்ஸ்' நாளிதழிடம் 50 இதழ்கள் கொண்ட தனிப் பட்டியல் உண்டு. வேலையும் பதவி உயர்வும் பல இடங்களில் இந்தப் பட்டியல்களைப் பார்த்தே முடிவாகின்றன.

ஆகவே எல்லோரும் அந்தச் சில வாசல்களில்தான் நிற்கிறார்கள். கட்டுரையோடு கட்டணமும் கட்ட வேண்டும். கட்டுரையை நிராகரித்தால் பெரும்பாலும் அந்தப் பணம் திரும்ப வராது. மதிப்பீட்டாளர் திருத்தம் கேட்பார், திருத்தி அனுப்பினால் மறுபடியும் கேட்பார். வருடங்கள் ஓடிவிடும். அதுவரை கட்டுரையின் வரைவு, ஆய்வு வரைவுகளைப் பகிர 1994-இல் தொடங்கிய எஸ்எஸ்ஆர்என் இணையதளத்தில் எல்லோர் கண்ணிலும் பட்டுக்கொண்டிருக்கும். எழுதியவர் யார் என்று தெரியாமல் மதிப்பிடுவதாகச் சொல்கிறோம். தலைப்பைத் தேடினாலே பெயர் வந்துவிடுகிறதே!

இதைவிட என்னை வருத்துவது வேறொன்று. எதிர்பார்த்த முடிவு கிடைத்த கட்டுரைதான் எளிதில் அச்சேறுகிறது. "தேடினோம், தொடர்பு எதுவும் இல்லை" என்று எழுதினால் யார் போடுவார்கள்? அதனால் தொடர்பு தென்படும்வரை தரவைப் புரட்டிப் பார்க்கும் ஆசை வருகிறது. பங்கு வருமானத்தை விளக்குவதாகச் சொல்லப்பட்ட 316 காரணிகளை ஹார்வி, லியூ, ஜூ என்ற நிதியியல் ஆய்வாளர்கள் மூவரும் 2016-இல் வெளிவந்த கட்டுரையில் தொகுத்தார்கள். இத்துறையின் பெரும்பாலான கண்டுபிடிப்புகள் தவறாகவே இருக்கக்கூடும் என்றார்கள்.

சரி, இதழின் பெயராவது தரத்துக்கு உத்தரவாதமா? ரே பால், ஃபிலிப் பிரவுன் இருவரும் 1960-களில், நிறுவனங்களின் லாப அறிவிப்புக்கும் பங்கு விலைக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்தார்கள். அந்தக் கட்டுரை 'தி அக்கவுண்டிங் ரிவியூ'வில் ஏற்கப்படவில்லை. 1968-இல் 'ஜர்னல் ஆஃப் அக்கவுண்டிங் ரிசர்ச்' வெளியிட்டது. லாபம் சொல்லும் செய்தியில் பெரும்பகுதி, அறிவிப்புக்கு முன்பே விலையில் ஏறிவிடுகிறது என்று அது காட்டியது. இன்றைய கணக்கியல் ஆராய்ச்சியில் பெரும்பகுதி அதிலிருந்து கிளைத்ததுதான்.

அதே 'ஜர்னல் ஆஃப் அக்கவுண்டிங் ரிசர்ச்' 2017-இல் நடத்திய மாநாட்டுக்குப் புது வழி ஒன்றை எடுத்தது. தரவைத் திரட்டும் முன்பே ஆய்வுத் திட்டத்தைப் படித்தார்கள். கேள்வி நல்லதென்றால், முடிவு எப்படி வந்தாலும் வெளியிடுவதாக ஒப்புக்கொண்டார்கள். நினைத்தது நடக்காத ஆய்வுகளும் அதில் இடம்பெற்றன. இதைப் படித்தபோது எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சி.

பணி நியமனக் குழுக்களில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். கட்டுரையைத் திறக்காமலே நட்சத்திரங்களைக் கூட்டி முடித்த கூட்டங்கள் உண்டு. இப்போதெல்லாம் அழைப்பு வந்தால் ஒன்றை மட்டும் முன்கூட்டியே கேட்கிறேன்: விண்ணப்பித்தவர் தம்முடைய சிறந்த கட்டுரை என்று நினைப்பதை அனுப்புங்கள், இதழின் பெயரை மறைத்துவிட்டு. இரண்டு குழுக்கள் ஒப்புக்கொண்டிருக்கின்றன.