அறுப்புப் பணம் எங்கே போகிறது?

(குடமுருட்டிக் கரையில் ஒரு கிராம நூலகத்தில், ஆடி மாத மகளிர் கூட்டத்தில் பேசியது)

கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் முன்னாள் ஊராட்சி மன்றத் தலைவர் ஐயா அவர்களே, முன்னிலை வகிக்கும் கூட்டுறவுக் கடன் சங்கச் செயலாளர் அவர்களே, பள்ளிக்கூடத்துப் பெஞ்சுகளைத் தந்து உதவிய தலைமையாசிரியை அம்மா அவர்களே, மகளிர் குழுக்களின் தலைவிகளே, ஊக்குநர்களே, கோயில் வேலைக்கு நடுவிலும் வந்து உட்கார்ந்திருக்கும் நாட்டாமை ஐயா அவர்களே, வாசல் திண்ணையில் இருக்கும் பெரியவர்களே, தாய்மார்களே, உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

தலைவர் ஐயாவைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லியாக வேண்டும். இந்த நூலகத்துக்கு ஓடு மாற்றிக் கொடுத்தவர் அவர். மழையில் புத்தகம் நனைகிறது என்று இங்குள்ள பிள்ளைகள் போய்ச் சொன்னதும், மறுவாரமே ஆள் அனுப்பினார் என்று கேள்விப்பட்டேன். செயலாளர் அவர்களையும் சொல்ல வேண்டும். சங்கத்துக்குப் போனால் ‘நாளைக்கு வா’ என்று சொல்லாத மனிதர் என்று இந்த ஊர்ப் பெண்கள் சொல்லக் கேட்டேன். அதைவிடப் பெரிய பட்டம் எனக்குத் தெரியவில்லை. எனக்குப் பொன்னாடை போர்த்த ஏற்பாடு செய்திருந்தார்கள். வேண்டாம், அந்தப் பணத்துக்கு நூலகத்துக்கு இரண்டு புத்தகம் வாங்குங்கள் என்று கேட்டுக்கொண்டேன். ஒப்புக்கொண்டார்கள். அதற்கும் நன்றி.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். வீட்டுச் செலவைக் குறைத்துக் குடும்பக் கடனை அடைப்பது எப்படி என்று பேசச் சொன்னார்கள். மூன்று விஷயம் சொல்லலாம் என்று வந்தேன். எந்தக் கடனை முதலில் அடைப்பது, எந்தச் செலவைக் குறைப்பது, அடைத்த கடன் திரும்பி வராமல் பார்த்துக்கொள்வது எப்படி. நம் பெரியவர்கள் சொன்ன ஒரு பழமொழிதான் எனக்கு இதில் வழிகாட்டி: ஆற்றில் போட்டாலும் அளந்து போடு. இன்று பலமுறை இதைச் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கடன்களை ஒரு தாளில் எழுதுங்கள். யாரிடம் வாங்கியது, எவ்வளவு, என்ன வட்டி, எது அடமானம். இதற்குக் கணவன் மனைவி இரண்டு பேரும் சேர்ந்து உட்கார வேண்டும். ஏனென்றால், நம் வீடுகளில் ஐயாவுக்குத் தெரிந்த கடன் ஒன்று, அம்மாவுக்குத் தெரிந்த கடன் வேறொன்று. உரக்கடை பாக்கி அவருக்குத் தெரியும், வாரக் குழுக்கடன் இவருக்குத் தெரியும். சங்கத்துப் பயிர்க்கடன், வங்கியில் நகைக்கடன், வெளியே வாங்கிய மூன்று வட்டி, மளிகைக்கடை, அண்ணனிடம் வாங்கிய கைமாற்று எல்லாம் ஒரே தாளில் வந்தால்தான் வீட்டின் நிலைமை தெரியும்.

எழுதியாயிற்றா, இப்போது வட்டியைப் பாருங்கள். கூட்டுறவுச் சங்கத்தில் வாங்கிய பயிர்க்கடனைத் தவணை தேதிக்குள் கட்டிவிட்டால் நம் மாநிலத்தில் வட்டியே கிடையாது. அந்தத் தேதியை மட்டும் தவறவிடாதீர்கள். அண்ணன் கைமாற்றுக்கும் வட்டி இல்லை. ஆனால் நாம் என்ன செய்கிறோம்? அண்ணி ஒரு வார்த்தை சொல்லிவிட்டார் என்று கையில் வந்த பணத்தை அங்கே கொண்டுபோய்க் கொடுக்கிறோம். மூன்று வட்டி சத்தமில்லாமல் வளர்கிறது. மாதம் நூற்றுக்கு மூன்று என்றால் வாயில் சொல்வதற்குச் சின்னதாக இருக்கிறது. வருஷத்துக்கு அது 36 சதவீதம்.

ஒரு கணக்குச் சொல்கிறேன், குழுத் தலைவிகள் குறித்துக்கொள்ளுங்கள். 1 லட்சம் ரூபாய், மூன்று வட்டி. மாதம் 3,000 கட்டினால் அது வட்டிக்கே சரியாகப் போகும். பத்து வருஷம் கட்டினாலும் 1 லட்சம் அப்படியே நிற்கும். மாதம் 4,000 கட்டினால் கடன் தீர 47 மாதம் ஆகும், மொத்தத்தில் கொடுப்பது 1,87,000 ரூபாய்க்கு மேல். மாதம் 5,000 கட்டினால் 31 மாதம், மொத்தம் 1,55,000. மாதத்துக்கு ஆயிரம் ரூபாய்தான் வித்தியாசம். அந்த ஆயிரம் உங்களை 16 மாதம் முன்னதாகவே விடுவிக்கிறது, 32,000 ரூபாயையும் மிச்சம் பிடித்துத் தருகிறது. 2023 செப்டம்பரிலிருந்து வந்துகொண்டிருக்கும் மகளிர் உரிமைத் தொகை மாதம் எவ்வளவு? அதே ஆயிரம்தான். அதைச் செலவுக் கணக்கில் சேர்க்காமல் நேரே கடனுக்குத் திருப்பிவிடுங்கள் என்று ஒவ்வொரு ஊரிலும் சொல்லி வருகிறேன்.

இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. கடன் கொடுத்தவர் வட்டி போக மிச்சத்தை அசலில் கழித்து எழுத வேண்டும். எழுதியதை அப்போதே நீங்கள் கண்ணால் பார்க்க வேண்டும். ‘அசலை மொத்தமாகக் கொண்டுவா’ என்கிறவராக இருந்தால், அவருக்கு வட்டியை மட்டும் கொடுத்துவிட்டு மிச்சத்தைச் சங்கத்திலோ அஞ்சலகத்திலோ மாதச் சேமிப்பாகப் போட்டுவந்து, சேர்ந்ததும் கொண்டுபோய்க் கொடுங்கள்.

தண்டலைப் பற்றியும் கேட்டார்கள். 10,000 என்று எழுதிக்கொண்டு 8,500-ஐக் கையில் கொடுத்து, தினம் 100 வீதம் நூறு நாள் வசூலிப்பது. நாளுக்கு நாள் அசல் குறைந்துகொண்டே வருவதையும் சேர்த்துப் பார்த்தால் ஆண்டு வட்டி நூற்றுக்கு நூறைத் தாண்டிவிடும். தண்டல், கந்து வட்டி, மீட்டர் வட்டி எல்லாவற்றையும் தமிழ்நாடு 2003லேயே சட்டம் போட்டுத் தடை செய்துவிட்டது. வசூல் என்ற பேரில் மிரட்டுவதைத் தடுக்க 2025இல் இன்னொரு சட்டமும் வந்திருக்கிறது. வாசலில் நின்று கத்துகிறவரைப் பார்த்து நீங்கள் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டியதில்லை. காவல் நிலையத்தில் எழுதிக் கொடுக்கலாம்.

அடுத்தது செலவு. இங்கே எனக்கு ஒரு கோபம் உண்டு. எந்த மேடையில் செலவைக் குறைக்கச் சொன்னாலும் பெண்களின் அடுக்களையைத்தான் கை காட்டுகிறார்கள். பாலைக் குறை, எண்ணெயைக் குறை, பிள்ளைக்கு வாங்கும் பிஸ்கட்டைக் குறை. வரப்பில் நண்டு வளை இருந்தால் தண்ணீர் போகத்தான் செய்யும், வளையை அடைக்கத்தான் வேண்டும். பார்க்காத சேனலுக்குக் கட்டும் பணம், ஒரே வீட்டில் நான்கு கைப்பேசிக்கு ரீசார்ஜ், இவற்றையெல்லாம் பார்த்துக் குறையுங்கள். ஆனால் பிள்ளையின் முட்டையை நிறுத்தி மூன்று வட்டிக் கடனை அடைத்த குடும்பம் ஒன்றையும் நான் பார்த்ததில்லை. பெரிய பணம் போகும் வழி வேறு.

நம் டெல்டாவின் ஆண்டுக் கணக்கை நினைத்துப் பாருங்கள். ஜூன் 12இல் மேட்டூர் திறந்தால் குறுவை. அதற்கு உழவு, விதை, நடவுக் கூலி என்று கையில் இருப்பது கரையும். ஆடி ஆவணியில் சம்பா வேலை தொடங்கும்போது நகை பெட்டியை விட்டு வெளியே போகும். குறுவை அறுத்துக் கொஞ்சம் காசு வந்தால் தீபாவளி வாசலில் நிற்கும். பிறகு தை, மாசி. சம்பா அறுத்து, மூட்டையைக் கொள்முதல் நிலையத்தில் போட்டு, வருஷத்திலேயே பெரிய தொகை நம் கணக்கில் ஏறும் காலம். நகையை மீட்க அதுதான் நேரம். அதே தை மாசி பங்குனியில்தானே கல்யாணமும் காதுகுத்தும் மஞ்சள் நீராட்டும் வைத்திருக்கிறோம்? நகையை மீட்க வேண்டிய பணம் பந்தலுக்கும் பந்திக்கும் போகிறது. அடுத்த ஆடியில் வைக்க நகையில்லாமல் வெளி வட்டிக்குப் போகிறோம். வருஷா வருஷம் இதே சுற்று. ஆற்றில் போட்டாலும் அளந்து போடச் சொன்ன ஊரில், பந்தலில் போடும்போது மட்டும் அளப்பதே இல்லை.

நடந்த கதை ஒன்று சொல்கிறேன். பெயர் வேண்டாம், ஊரும் வேண்டாம், வெண்ணாற்றுக்குத் தெற்கே என்று வைத்துக்கொள்ளுங்கள். இதை மேடையில் சொல்லுங்கள் என்று எனக்கு அனுமதி தந்தவரே கதையில் வரும் தாய்மாமன்தான்.

அவருக்கு மூன்று ஏக்கர் சம்பா. தங்கை மகனுக்கு மாசியில் காதணி விழா. அறுத்த நெல்லில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் என்று கொள்முதல் நிலையத்தில் எடுக்கவில்லை. களத்தில் காயப்போட்டுக் காவல் காத்துக்கொண்டிருந்தார். நெல் காயவில்லை, தேதி வந்துவிட்டது. மனைவியின் ஐந்து பவுன் சங்கிலி அடகுக்கடைக்குப் போயிற்று. அத்தைக்காரி மஞ்சள் கயிற்றோடு விழாவுக்குக் கிளம்பினார்.

சீர் எப்படிப் போனது தெரியுமா? நூற்றொரு தட்டு. ஆப்பிள் ஒரு தட்டு, அன்னாசி ஒரு தட்டு, எங்கேயோ விளைந்த பெயர் தெரியாத சிவப்புப் பழம் ஒரு தட்டு. இன்னும் சரியாக நடக்கக்கூடத் தெரியாத பையனுக்கு ஒரு சைக்கிள். மாலை போட்ட கிடா ஒன்று முன்னால் நடக்க, பின்னால் டிரம் செட், அதற்குப் பின்னால் வெடி. முச்சந்தியில் இருபதடி ஃப்ளெக்ஸ். அதில் மாமன் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு நிற்கிறார், பக்கத்தில் ஒரு சிங்கம். பையன் படம் ஓரத்தில் சின்னதாக இருக்கிறது. பையன் கழுத்தில் இரண்டு பவுன் சங்கிலியை மாமன் போட்டபோது மண்டபமே கைதட்டியது.

தங்கை வீட்டுக்காரர் பார்த்தார். மச்சான் இவ்வளவு செய்யும்போது நாம் பந்தியில் குறை வைக்கலாமா? ஐந்நூறு இலைக்குச் சொல்லியிருந்ததை எண்ணூறு ஆக்கினார். அன்று சுற்று வட்டாரத்தில் இன்னும் இரண்டு விசேஷம். வந்தவர்கள் குறைவு, மொய்யும் குறைவு. சாயங்காலம் சமையல்காரர், பந்தல்காரர், மண்டபத்துக் கணக்கர் மூன்று பேரும் வரிசையாக வந்து நின்றார்கள். ஆப்பிளில் பாதி மூன்றாம் நாள் மாட்டுக்குப் போயிற்று. அந்த வாரமே பையன் கழுத்துச் சங்கிலியும் கழன்றது.

பங்குனியில் ஒரு நாள், நல்ல வெயில், அடகுக்கடை வாசலில் இரண்டு பேரும் நேருக்கு நேர்.

“வாங்க மாப்பிள்ளை, எங்கே இந்தப் பக்கம்?”

“சும்மாதான் மச்சான், கடைத்தெருவுக்கு வந்தேன். நீங்க?”

“நானும் சும்மாதான்.”

அவர் போகட்டும் என்று இவர் நிற்கிறார், இவர் போகட்டும் என்று அவர் நிற்கிறார். டீ குடித்தார்கள். மழை வருமா என்று பேசினார்கள். இன்னொரு டீ குடித்தார்கள். கடைசியில் கடைக்காரர் உள்ளேயிருந்து குரல் கொடுத்தார்: “ரெண்டு பேருக்கும் இன்னிக்குத்தானே வட்டி நாள்? ஏன் வெயில்ல நிக்கிறீங்க, உள்ளே வாங்க!”

சிரிக்கிறீர்கள். அவர்களும் அன்று சிரித்துவிட்டார்களாம். ஆனால் மாமன் வைத்த சங்கிலியும் மருமகனுக்குப் போட்ட சங்கிலியும் ஒரே பெட்டகத்துக்குள் கிடந்தன, இரண்டுக்கும் வட்டி ஓடிக்கொண்டிருந்தது.

‘மொய் வருமே’ என்பார்கள். மொய் வரும். வந்த மொய் நோட்டில் இருக்கும், அதுவும் திருப்பித் தரவேண்டிய கடன். பேராவூரணி, பட்டுக்கோட்டைப் பக்கம் ஆடியில் மொய் விருந்து வைத்துப் பெரிய தொகை திரட்டுகிறார்கள். வட்டியில்லாமல் ஒருவரை ஒருவர் தூக்கிவிடும் நல்ல ஏற்பாடு, அதை நான் மதிக்கிறேன். அங்கும் வாங்கியவர் திருப்பிச் செய்தாக வேண்டும். 2018 நவம்பரில் கஜா புயலில் தென்னந்தோப்பைப் பறிகொடுத்த வீட்டிலும் மொய் நோட்டு இருந்தது.

இப்போது நான் ஊர் ஊராகப் போய்க் கேட்பதைக் கேட்கிறேன். ஒரு வீடு தனியாக இந்தச் செலவைக் குறைக்க முடியாது. குறைத்தால், ‘கையில் இல்லை போலிருக்கிறது’ என்ற பேச்சு வரும். கட்டிக்கொடுத்த இடத்தில் தங்கை தலைகுனிய வேண்டும். அந்தப் பேச்சுக்குப் பயந்துதான் சங்கிலி கழல்கிறது. ஊரே சேர்ந்து அளவு வைத்துவிட்டால் யாருக்கும் தலைகுனிவு இல்லை. இருப்பவரும் பதினொரு தட்டு, இல்லாதவரும் பதினொரு தட்டு. முடியாத காரியம் என்று சொல்லாதீர்கள். மாலை மாற்றி, காப்பி பலகாரத்தோடு கல்யாணத்தை முடித்த சுயமரியாதைக் குடும்பங்கள் இந்த ஆற்றங்கரையில் எத்தனை! அந்தத் திருமணங்கள் சட்டப்படி செல்லும் என்று அண்ணா முதலமைச்சராக இருந்தபோது சட்டமே வந்தது. நம் தாத்தாக்கள் செய்ததில் பாதியாவது நாம் செய்யலாம்.

நான் முன்வைப்பது இவ்வளவுதான். காதணிக்கும் மஞ்சள் நீராட்டுக்கும் சீர் பதினொரு தட்டுக்கு மேல் இல்லை. ஃப்ளெக்ஸ் இல்லை, வெடி இல்லை. ஒரு வேளைச் சாப்பாடு, சைவம். பெண் குழந்தைக்கு மாமன் போட நினைக்கும் நகைப் பணத்தில் ஒரு பங்கையாவது அஞ்சலகத்தில் செல்வமகள் சேமிப்பில் அவள் பேரில் கட்டட்டும். பத்து வயதுக்குள் கணக்குத் தொடங்க வேண்டும், வருஷத்துக்கு 250 ரூபாய் கட்டினாலும் கணக்கு உயிரோடு இருக்கும். அதை யாரும் அடகுக்கடையில் கொண்டுபோய் வைக்க முடியாது. நாட்டாமை ஐயா ‘கிடா வெட்டுக்கு என்ன சொல்கிறாய்’ என்று முன்பே கேட்டார். குலதெய்வத்துக்கு நேர்ந்த கிடாவைப் பற்றி நான் பேசவில்லை, ஐயா. எண்ணூறு இலைக்கு வெட்டும் கிடாக்களைத்தான் சொல்கிறேன். சாமிக்குச் செய்வதையும் பெரியவர்கள் அளந்துதான் செய்தார்கள். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பது அதற்கும் சேர்த்துத்தான்.

மூன்றாவது விஷயத்தை, கடன் திரும்பி வராமல் காப்பதை, விரிவாகப் பேச நேரமில்லை. தலைவர் ஐயா கடிகாரத்தைப் பார்க்கிறார். அறுப்புப் பணம் வந்த வாரமே நகையை மீட்டுவிடுங்கள், அப்புறம்தான் மற்றது என்று மட்டும் இப்போதைக்குச் சொல்லி வைக்கிறேன். செயலாளர் அவர்கள் சங்கத்துக் கடன்களைப் பற்றி அடுத்துப் பேசுவார், அவரிடம் கேளுங்கள்.

மேசைமேல் நீல அட்டை போட்ட நோட்டு ஒன்று இருக்கிறது. நான் சொன்ன அளவுகள் முதல் பக்கத்தில் எழுதியிருக்கின்றன. தட்டின் எண்ணிக்கை சரியில்லை என்றால் உங்களுக்குள் பேசி மாற்றி எழுதிக்கொள்ளுங்கள், அது உங்கள் ஊர் உரிமை. வருகிற தை மாதத்துக்குள் வீட்டில் விசேஷம் வைத்திருப்பவர்கள் முதலில் வந்து கையெழுத்துப் போடட்டும். ஆண்களும் போட வேண்டும், தாய்மாமன்கள் கட்டாயம் போட வேண்டும். பேனா தலைமையாசிரியை அம்மாவிடம் இருக்கிறது. நன்றி, வணக்கம்.