டான் ஃப்ரேசர்: ஒரு நிமிடத்திற்குள் நூறு மீட்டர்

நேயர்களுக்கு வணக்கம்.

1964-ஆம் ஆண்டு அக்டோபர் 13 அன்று, டோக்கியோ ஒலிம்பிக்கின் மகளிர் 100 மீட்டர் ஃப்ரீஸ்டைல் இறுதிப் போட்டிக்காகக் குளக்கரையில் வந்து நின்ற எட்டுப் பேரில் ஒருவருக்கு வயது 27. பள்ளி வயதுச் சிறுமிகளே பெரும்பாலும் பதக்கங்களை அள்ளிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், அவரை அவருடைய அணியினரே 'பாட்டி' என்று அழைத்துவந்தார்கள். அவருக்குப் பெரும் சவாலாக நின்ற அமெரிக்காவின் ஷாரன் ஸ்டவுடருக்கு வயது 15. ஸ்டவுடர் 59.9 விநாடியில் சுவரைத் தொட்டார். ஆனால் 'பாட்டி' அதற்கு முன்பே, 59.5 விநாடியில், தொட்டுவிட்டார். 1956-இல் மெல்போர்ன், 1960-இல் ரோம், இப்போது டோக்கியோ என்று, ஒரே தனிநபர் நீச்சல் போட்டியில் அடுத்தடுத்து மூன்று ஒலிம்பிக் தங்கங்களை, ஆண் பெண் இருபாலரிலும் முதன்முதலாக வென்றவர் அவர்தான். ஆஸ்திரேலியாவின் டான் ஃப்ரேசரைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

முப்பது ஆண்டுகளாக விசிலும் ஸ்டாப்வாட்சுமாகக் குளக்கரையில் நின்று பிள்ளைகளுக்கு நீச்சல் கற்றுக்கொடுத்து வருபவன் நான். அவருடைய வாழ்க்கையில் பதக்கங்களைவிட முதலில் என் மனத்தில் படுவது அவருடைய மூச்சுதான். டான் ஃப்ரேசர் ஆஸ்துமா நோயாளி. 1937 செப்டம்பர் 4 அன்று, சிட்னி துறைமுகத்தை ஒட்டிய பால்மெயின் என்ற உழைப்பாளர் குடியிருப்பில், எட்டுப் பிள்ளைகளில் கடைசியாகப் பிறந்தார். அங்கே துறைமுகத்தின் ஓரத்திலேயே, அலை ஏறும்போது நிறைந்து இறங்கும்போது வடியும் கடல்நீர்க் குளம் ஒன்று இருந்தது. மூச்சிரைக்கும் அந்தச் சிறுமி அதில்தான் நீந்தப் பழகினார். பின்னாளில் அந்தக் குளத்துக்கு அவருடைய பெயரையே சூட்டினார்கள்.

ஆஸ்துமா உள்ள பிள்ளையை நீச்சலுக்கு அனுப்பலாமா என்று என்னிடம் கேட்காத பெற்றோர் குறைவு. மருத்துவரின் யோசனையோடு அனுப்புங்கள் என்றுதான் சொல்வேன். வறண்ட குளிர்காற்றில் ஓடும்போது மூச்சுக்குழல் சுருங்குவதுபோல, நீர்மட்டத்தை ஒட்டிய ஈரக்காற்றில் அவ்வளவாகச் சுருங்குவதில்லை. என்னிடம் பயிலும் ஒரு சிறுமி, இன்ஹேலரைத் துண்டில் சுற்றிக் குளத்தின் விளிம்பில், தன் லேனுக்கு நேர் எதிரே வைத்துவிட்டுத்தான் தண்ணீரில் இறங்குவாள். ஒவ்வொரு முறை சுவரைத் தொட்டுத் திரும்பும்போதும் அவள் கண் ஒருகணம் அந்தத் துண்டைத் தேடும். அவளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பால்மெயின் சிறுமியின் நினைவு வரும்.

ஃப்ரேசரின் திறமையை அடையாளம் கண்டு வளர்த்தவர் பயிற்சியாளர் ஹாரி கேலகர். அவர் அடிலெய்டுக்கு இடம் பெயர்ந்தபோது ஃப்ரேசரும் அங்கே போய், வேலை பார்த்துக்கொண்டே பயிற்சி பெற்றார். 1956 பிப்ரவரியில், 100 மீட்டர் தூரத்தை 64.5 விநாடியில் நீந்தி, ஹாலந்தின் வில்லி டென் ஆவ்டன் 1936-இல் படைத்து இருபது ஆண்டுகள் அசையாமல் நின்ற 64.6 விநாடி உலக சாதனையை முறியடித்தார். அதே ஆண்டின் இறுதியில், மெல்போர்ன் ஒலிம்பிக் இறுதிப் போட்டிக்கு முந்தைய இரவு, காலில் தேன் ஒட்டிக்கொண்டு குதிக்க முடியாமல் தவிப்பதாகவும், ஒருவழியாகக் குதித்தால் குளத்தில் தண்ணீருக்குப் பதில் ஸ்பகெட்டி என்ற நீள நூடுல்ஸ் நிறைந்திருப்பதாகவும் கனவு கண்டதாக அவரே பின்னர் சொல்லியிருக்கிறார். மறுநாள் 62.0 விநாடியில், தன் சக ஆஸ்திரேலியர் லொரெய்ன் கிராப்பை மயிரிழையில் முந்தித் தங்கம் வென்றார்.

அதன்பின் அவர் துரத்தியது ஒரு நிமிடம் என்ற எல்லையை. 1962 அக்டோபர் 27 அன்று மெல்போர்னில் அதைக் கடந்தார்: 59.9 விநாடி. அது 110 கெஜப் பந்தயம், அதாவது 100 மீட்டரைவிட அரை மீட்டருக்குச் சற்று அதிகமான தூரம் என்பதை நீச்சல் தெரிந்தவர்கள் கவனிக்க வேண்டும். 1964 பிப்ரவரியில் அதையும் 58.9 விநாடியாகக் குறைத்தார். கேட்பதற்குச் சில விநாடிகள்தானே என்று தோன்றும். டென் ஆவ்டனின் பழைய வேகத்தில் நீந்தும் ஒருவரும் 1964-இன் ஃப்ரேசரும் ஒரே குளத்தில் குதித்திருந்தால், ஃப்ரேசர் சுவரைத் தொடும் நேரத்தில் மற்றவர் ஏறக்குறைய ஒன்பது மீட்டர் பின்னால் இருந்திருப்பார். ஒலிம்பிக் நீச்சலுக்குக் கண் கவசம்கூட வராத காலத்தில் நடந்தது இது. இந்தச் சாதனையை 1972 ஜனவரி வரை, ஷேன் கோல்ட் வரும்வரை, எவராலும் முறியடிக்க முடியவில்லை.

58.9 விநாடி சாதனை நிகழ்ந்த சில நாள்களிலேயே துயரம் வந்தது. ஃப்ரேசர் ஓட்டிச் சென்ற கார் விபத்துக்குள்ளாகி, அவருடைய தாயார் உயிரிழந்தார். ஃப்ரேசரின் கழுத்தெலும்பு பாதிக்கப்பட்டு, பல வாரங்கள் கழுத்தை அசைக்க முடியாத நிலையில் இருந்தார். தாயை இழந்த துக்கத்தையும், அந்த வண்டியை ஓட்டியவர் தாமே என்ற பாரத்தையும் சுமந்துகொண்டு, சில மாதங்களில் டோக்கியோவில் அவர் நீந்திய அந்த 59.5 விநாடியை, நான் அறிந்தவரையில் நீச்சல் வரலாற்றின் மிக உயர்ந்த பந்தயம் என்றே கருதுகிறேன்.

ஆனால் அவரை நீச்சலிலிருந்து நிறுத்தியது முதுமையும் அல்ல, போட்டியாளர்களும் அல்ல. டோக்கியோவில், தொடக்க நாள்களில் போட்டியிருப்பவர்கள் தொடக்க விழா அணிவகுப்பில் கலந்துகொள்ளக் கூடாது என்று அதிகாரிகள் சொன்னதை மீறி அணிவகுப்பில் நடந்தார். வழங்கப்பட்ட நீச்சலுடை உடம்புக்குப் பொருந்தவில்லை என்று தமது பழைய உடையையே அணிந்தார். போட்டிகள் முடிந்தபின் ஓர் இரவு, ஜப்பானியப் பேரரசரின் அரண்மனை அருகே ஒலிம்பிக் கொடியைக் கழற்றிய விவகாரத்தில் ஜப்பானியக் காவலர்களிடம் சிக்கினார். அவர்கள் வழக்குப் போடாமல் விட்டதோடு, அந்தக் கொடியையே அவருக்குப் பரிசாகவும் தந்துவிட்டார்கள். நிறைவு விழாவில் ஆஸ்திரேலியக் கொடியை ஏந்தி நடந்தவரும் அவரே. எனினும் 1965-இல் ஆஸ்திரேலிய நீச்சல் சங்கம் அவருக்குப் பத்தாண்டுத் தடை விதித்தது.

ஒழுங்கு வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. நேரம் தவறி வரும் மாணவரை நானே குளத்தில் இறங்க விடுவதில்லை. ஆனால் நீச்சல்காரருக்குப் பத்தாண்டு என்பது தண்டனை அல்ல, வாழ்க்கையையே பறிப்பது. விளையாட்டில் ஒரு காசும் ஈட்டக் கூடாத அமெச்சூர் விதிகளின் காலத்தில், நீந்துவதற்காகவே தம் இளமையைக் கொடுத்த ஒருவரிடம் அப்படி நடந்துகொண்டது அநீதி என்பதே என் உறுதியான எண்ணம்.

அதன்பிறகும் அவர் மக்கள் மனத்திலிருந்து மறையவில்லை. 1988 முதல் 1991 வரை பால்மெயின் தொகுதியின் சுயேச்சை உறுப்பினராக நியூ சவுத் வேல்ஸ் சட்டமன்றத்தில் இருந்தார்; 2000-ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக் தொடக்க விழாவில் தீபம் ஏந்தினார்.

தடையை 1968-இல் விலக்கிக்கொண்டார்கள். மெக்சிகோ ஒலிம்பிக்குக்குத் தயாராக அப்போது அவகாசம் இல்லை. கடல்மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கும் மேலான உயரத்தில் இருந்த அந்த நகரில் எல்லாருக்குமே மூச்சு வாங்கியது. ஆஸ்துமாக்காரருக்கு இன்னும் கடினமாகத்தான் இருந்திருக்கும். இதையெல்லாம் கணக்கில் எடுத்துக்கொண்ட பின்னும், மெக்சிகோவின் முடிவுப் பட்டியலில் ஓர் எண்ணின் மீது என் கண் நின்றுவிடுகிறது. மகளிர் 100 மீட்டர் ஃப்ரீஸ்டைல், முதலிடம் அமெரிக்காவின் ஜான் ஹென்னி: சரியாக 60.0 விநாடி.

வணக்கம்.