மார்கழி வாடையும் கிறிஸ்துமஸ் வளவும்

நேயர்களுக்கு வணக்கம். கிறிஸ்துமஸ் காலத்தில் நம் கடற்கரைக் குடும்பங்கள் ஒன்றுகூடும் விதத்தைப் பற்றிப் பேசும்படி நிலையத்தார் கேட்டுக்கொண்டார்கள். பாம்பன், தங்கச்சிமடம், மூக்கையூர் பக்கங்களில் பனையும் தென்னையும் கிணறும் ஓலைவேலிக்குள் அடங்கிய வளவுகளில் வாழும் குடும்பங்களையே இங்கே மனத்தில் கொண்டிருக்கிறேன்.

வாடை வீசும் மாதங்களில் பாக் நீரிணையாகிய வடகடல் கொந்தளிக்கும். பாம்பன் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏறிவிட்டால் வள்ளங்கள் கரையில்தான் கிடக்கும். வருமானம் குறையும் அந்த நாட்களில்தான் கிறிஸ்துமசுக்கு ஆயத்தம் செய்யும் திருவருகைக் காலமும் வருவதால், ஆண்டு முழுவதும் கடலோடு இருப்பவர்கள் அப்போது வீட்டில் இருப்பார்கள்; சும்மா இருக்க விடமாட்டார்கள் என்பது வேறு. கிடுகு முடைவது, வேலி அடைப்பது, வலை பொத்துவது என்று வேலைகள் காத்திருக்கும். ஆவணி, புரட்டாசியில் பாத்தி கட்டிப் புதைத்த பனங்கொட்டைகள் மார்கழியில் கிழங்கு பிடித்திருக்கும். பெரியவர்கள் கடப்பாரையால் மணலை நெகிழ்த்த, பிள்ளைகள் கிழங்கை ஒடியாமல் இழுத்தெடுக்க வேண்டும். ஒடித்தவனுக்குத் திட்டு நிச்சயம்.

அடுப்படி வேலையும் இதே கணக்குத்தான். கருப்பட்டி அதிரசத்துக்குப் பச்சரிசியை ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, ஈரம் முழுவதும் போகுமுன் இடித்துச் சலிக்க வேண்டும். பாகு காய்ந்துகொண்டிருக்கும்போது ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு விரலால் உருட்டிப் பதம் பார்ப்பது அப்பத்தாவின் உரிமை. மருமகள் எத்தனை ஆண்டுகள் சமைத்தவளாக இருந்தாலும் அவர் தலையசைத்த பிறகே மாவு பாகில் விழும். பிசைந்த மாவைத் துணி கட்டி ஓரிரு நாள் வைத்திருந்து, பிறகு ஒருவர் இலையில் தட்ட, ஒருவர் எண்ணெயில் போட்டுத் திருப்ப, மற்றொருவர் இரண்டு கரண்டிகளுக்கிடையே வைத்து எண்ணெயை அழுத்தி வடிப்பார். மூன்று பேராவது இல்லாமல் இந்தப் பலகாரம் சீராக வராது. மூவரும் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் அந்த நேரத்தில்தான் கல்யாணப் பேச்சும் கடன் கணக்கும் பழைய மனத்தாங்கலும் வெளியே வரும்.

இயேசு பிறந்த தொழுவத்தைக் காட்டும் குடிலும் முன்கூட்டியே தொடங்குவதுதான். தட்டில் மண் பரப்பிக் கேழ்வரகைத் தூவித் தண்ணீர் தெளித்துவந்தால் பண்டிகைக்குள் பசும்புல்லாக நிற்கும். அதைக் கவனிப்பது வீட்டின் கடைக்குட்டி. 24ஆம் தேதி நள்ளிரவுத் திருப்பலி முடிந்த பிறகே பாலன் இயேசுவின் சொரூபம் அதில் வைக்கப்படும்.

இந்த வாரத்தில் நம் கரைக்கு இன்னொரு நினைவும் உண்டு. 1964 டிசம்பர் 22 இரவு, தனுஷ்கோடியைப் புயல் அழித்தபோது கிறிஸ்துமசுக்கு மூன்று நாட்களே இருந்தன. அங்கிருந்து பிழைத்து வந்தவர்களின் வீடுகளில், மாவு பிசையும் கை நின்று, போனவர்களின் பெயர்களைச் சொல்லிச் செபிப்பது வழக்கம். அந்தப் பெயர்களைப் பேரப்பிள்ளைகள் அறிந்துகொள்ளவும் அந்த இரவில் அவர்கள் வீட்டில் இருந்தாக வேண்டும்.

இப்போது சென்னையிலோ வளைகுடாவிலோ வேலை பார்க்கும் பிள்ளைகள் 24ஆம் தேதி மாலை பெட்டியோடு இறங்குகிறார்கள். மறுநாள் பிரியாணி சாப்பிட்டு, படம் எடுத்து, 26ஆம் தேதி கிளம்புகிறார்கள். விடுப்பு கிடைக்காத சிரமம் புரிகிறது. ஆயினும் என் கருத்தில், பலகாரம் முடிந்தபின் வருபவர் சொந்த வீட்டிலேயே விருந்தாளி ஆகிவிடுகிறார். விருந்தாளியிடம் யாரும் வீட்டுக் கஷ்டத்தைச் சொல்லமாட்டார்கள். இரண்டு நாள்தான் விடுப்பு என்றால், 22, 23ஆம் தேதிகளில் வந்து அடுப்படியில் உட்காருவதையே நான் பரிந்துரைப்பேன்.

பக்கத்து இந்து, முஸ்லிம் வீடுகளுக்குத் தட்டுக் கொண்டுபோகும் வேலையையும் ஊரிலிருந்து வந்த பிள்ளைகளிடமே கொடுங்கள். தட்டை வெறுமனே திருப்பித் தராமல் ஒரு கை சீனியாவது போட்டுக் கொடுக்கும் அந்த வீட்டார், "எப்ப வந்த? எத்தனை நாளு இருப்ப?" என்று கேட்பார்கள். அப்போது பதில் சொல்லித்தான் ஆகவேண்டும்.

பண்டிகைக்கு வர இயலாதவர்கள் மனம் தளர வேண்டியதில்லை. சனவரி 6, மூன்று ராஜாக்கள் திருநாள் வரை குடில் இருக்கும். பனங்கிழங்கு பொங்கல் வரை பாத்தியில் இருக்கும். தோண்டுவதற்கு ஆள்தான் வேண்டும். நன்றி, வணக்கம்.