மூன்றாவது கோல்கீப்பர்

அவைத் தலைவர் அவர்களே, கால்பந்தின்மீது பற்றுக்கொண்ட நண்பர்களே, அனைவருக்கும் வணக்கம்.

யூலன் லோபெதெகியைப் பற்றிப் பேச அழைத்திருக்கிறீர்கள். அவர் பெயரைச் சொன்னதும், 2018 உலகக் கோப்பைக்கு முன்பு பதவி பறிபோன ஸ்பெயின் அணிப் பயிற்சியாளர் என்பதே பலருக்கும் நினைவுக்கு வருகிறது. அந்த ஒரு நாளை வைத்து அவரை அளந்துவிடக் கூடாது என்பதற்காகவே இங்கு நிற்கிறேன்.

ஸ்பெயினின் பாஸ்க் பகுதியில் அஸ்தெயாசு என்னும் சிற்றூரில் 1966 இல் அவர் பிறந்தார். தந்தை, அம்மக்கள் போற்றும் கல் தூக்கும் போட்டிகளில் பெயர்பெற்ற வீரர். நூறு கிலோவைத் தாண்டும் கல்லை மடியில் ஏற்றி, நெஞ்சோடு அணைத்துத் தோளுக்கு உயர்த்தும் விளையாட்டு அது. மகனோ கல்லை விட்டுவிட்டுப் பந்தைப் பிடிக்கப் போனார்.

ரியால் மாட்ரிட், பார்சிலோனா என்ற இருபெரும் கழகங்களின் சட்டையையும் அணிந்தார். ஆனால் இரண்டிலும் அவர் ஆடிய லீக் ஆட்டங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். லோக்ரோன்யெஸ் என்ற சிறிய கழகத்தில்தான் நூற்றுக்கும் மேற்பட்ட லீக் ஆட்டங்களில் கோலைக் காத்தார். நாட்டுக்காக ஆடியது ஒரே ஒரு முறை. 1994 மார்ச்சில் குரோஷியாவுக்கு எதிராக மாற்று ஆட்டக்காரராக இறங்கினார். அவ்வாண்டு அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பைக்கு மூன்றாவது கோல்கீப்பராகச் சென்றார். முதல் ஆட்டத்தில் முதல் கோல்கீப்பர் சுபிசரேத்தா தடையினால் ஆட முடியாமல் போனபோதும், வாய்ப்பு மற்றொரு கோல்கீப்பரான கன்யிசாரேஸுக்கே கிடைத்தது. மாற்றுக் கோல்கீப்பரின் வாழ்வு அத்தகையது. வாரம் முழுவதும் மற்றவர்களோடு சேர்ந்து உழைக்க வேண்டும். ஆட்ட நாளில் முதல் கோல்கீப்பரின் கைகள் சூடேறப் பந்தை உதைத்துக் கொடுத்துவிட்டு, பெஞ்சில் அமர்ந்து தொண்ணூறு நிமிடமும் கவனித்திருக்க வேண்டும். அந்த நீண்ட கவனிப்பில்தான் பயிற்சியாளர் லோபெதெகி உருவானார் என்பது என் துணிபு.

2012 இல் பத்தொன்பது வயதுக்குட்பட்டோர், 2013 இல் இருபத்தொரு வயதுக்குட்பட்டோர் என அடுத்தடுத்து இரண்டு ஐரோப்பியப் பட்டங்களை ஸ்பெயினுக்குப் பெற்றுத்தந்தார். 2016 இல் மூத்தோர் அணி அவர் கைக்கு வந்தது. இருபது ஆட்டங்கள், ஒன்றில்கூடத் தோல்வி இல்லை. இத்தாலியை 3–0 என்றும், அர்ஜென்டினாவை 6–1 என்றும் வென்ற அணி அது. 2018 ஜூன் 12 அன்று, உலகக் கோப்பை முடிந்ததும் அவர் தங்கள் பயிற்சியாளராவார் என்று ரியால் மாட்ரிட் அறிவித்தது. மறுநாள் ஸ்பெயின் கால்பந்துச் சம்மேளனம் அவரை நீக்கியது. முதல் ஆட்டத்துக்கு இரண்டே நாள் இருந்தது. சம்மேளனத்திடம் முன்கூட்டியே சொல்லாதது அவர் பிழைதான், மறுக்கவில்லை. ஆயினும் இரண்டாண்டு உழைப்பைக் களத்தில் காணவிடாமல் திருப்பி அனுப்பியது அதைவிடப் பெரிய பிழை என்றே இன்றும் கருதுகிறேன். மாட்ரிட்டிலும் அவர் நிலைக்கவில்லை. பார்சிலோனாவிடம் 5–1 என்று தோற்ற மறுநாள், அக்டோபர் 29 அன்று, வெளியேற்றப்பட்டார்.

அதன்பின் ஸ்பெயினின் செவியா கழகம். 2020 ஆகஸ்ட், பெருந்தொற்றுக் காலம்; ஜெர்மனியில் பார்வையாளரற்ற அரங்குகளில், ஐரோப்பியக் கழகங்கள் மோதும் யூரோப்பா லீக்கின் இறுதிக்கட்டம் நடந்தது. காயமுற்ற முதல் கோல்கீப்பருக்குப் பதிலாக, இரவல் ஒப்பந்தத்தில் வந்திருந்த யாசின் பூனூவை அவர் நிறுத்தினார். காலிறுதியில் வுல்வர்ஹாம்ப்டனின் ஹிமெனெஸ் உதைத்த பெனால்டியைப் பூனூ தடுத்தார். கொலோனில் நடந்த இறுதியாட்டத்தில், 2–2 என்று சமநிலையில் இருந்தபோது, எதிரணியான இன்டர் மிலானின் லுக்காக்கு தன்னந்தனியாகப் பாய்ந்து வர, பூனூ முன்னேறிச் சென்று காலால் தடுத்தார். சற்று நேரத்தில் தியேகோ கார்லோஸ் தலைகீழாகப் பாய்ந்து உதைத்த பந்து, அதே லுக்காக்குவின் காலில் பட்டு வலைக்குள் சென்றது. 3–2. விசில் ஒலித்ததும் லோபெதெகி அழுதார். மாற்றாக வந்த ஒரு கோல்கீப்பரின் கைகளால், கழகப் பயிற்சியாளராக அவருடைய முதல் பெருங்கோப்பை வந்தது என்பதை எண்ணும்போதெல்லாம் என் மனம் நெகிழ்கிறது.

செவியாவை மூன்று பருவங்கள் தொடர்ந்து நான்காம் இடத்தில் நிறுத்திய அவரை, 2022 அக்டோபரில் அக்கழகமும் நீக்கியது. இங்கிலாந்தில் வுல்வர்ஹாம்ப்டனைக் கடைசி இடத்திலிருந்து மீட்டார். அடுத்துப் பயிற்சியாளராக இருந்த வெஸ்ட் ஹாம் கழகத்தில் தோல்வியே கண்டார். 2025 மே மாதம் கத்தார் அணியை ஏற்றார். அக்டோபர் 14 அன்று, தோஹாவில், ஐக்கிய அரபு அமீரகத்தை 2–1 என்று வென்று, கத்தார் முதன்முறையாகத் தகுதிச்சுற்றின் வழியே உலகக் கோப்பைக்குள் நுழைந்தது. 1994 இல் பெஞ்சில் அமர்ந்திருந்தவருக்கு, 2018 இல் வாசலிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டவருக்கு, அப்போது வயது ஐம்பத்தொன்பது.