கீழ்வீட்டு அம்மா சொன்ன இரண்டு வார்த்தைகள்

நடுவர் அவர்களுக்கும் அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

வெளிநாட்டில் குடியேறிய பின் வேகத்தைக் குறைத்துக்கொள்வது வளர்ச்சியா, தேக்கமா என்பது தலைப்பு. வளர்ச்சியே என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தோழர், "சம்பாதிக்க வந்தோமா, ஓய்வெடுக்க வந்தோமா?" என்று கேட்டார். கைதட்டல் பலமாக இருந்தது. நானும் கடனோடு விமானம் ஏறியவள்தான். அந்தக் கேள்வியை எனக்கு நானே பல வருஷம் கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஜெர்மனிக்கு வந்து மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை. புத்தக அலமாரியைச் சுவரில் மாட்ட டிரில்லிங் மெஷினை எடுத்தேன். இரண்டு ஓட்டை போட்டிருப்பேன், கதவு தட்டும் சத்தம். கீழ்வீட்டு வயதான அம்மா நின்றார். முகத்தில் கோபம் இல்லை. "இன்று ஞாயிறு" என்றார். அவ்வளவுதான், இறங்கிப் போய்விட்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. வாரத்தில் கிடைப்பதே ஒரு நாள், அதிலும் வீட்டு வேலை பார்க்கக் கூடாதென்றால் எப்போதுதான் பார்ப்பது? கடைக்காவது போகலாம் என்று இறங்கினால் தெரு முழுக்கக் கடைகள் அடைத்துக் கிடந்தன. திரும்பி வந்து, தரையில் கொட்டியிருந்த சிமெண்டுத் தூளைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். வந்த நாளிலிருந்து நான் சும்மா உட்கார்ந்தது அன்றுதான்.

அப்புறம் விசாரித்தபோதுதான், அது அந்த அம்மாவின் தனி விருப்பம் இல்லை என்று தெரிந்தது. 1919-இல் ஜெர்மனி எழுதிக்கொண்ட வைமார் அரசியலமைப்பில் 139-ஆவது பிரிவு, ஞாயிறும் அரசு விடுமுறைகளும் வேலை ஓயும் நாட்கள், மனம் உயரும் நாட்கள் என்று பாதுகாப்புத் தந்தது. 1949-இல் எழுதிய அடிப்படைச் சட்டம், அதாவது இன்றைய ஜெர்மனியின் அரசியலமைப்பு, 140-ஆவது பிரிவின் வழியாக அதை அப்படியே எடுத்துக்கொண்டது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளிலும் கடை திறக்கலாம் என்று பெர்லின் மாநிலம் சட்டம் போட்டபோது, 2009-இல் அரசியலமைப்பு நீதிமன்றம் அந்தச் சட்டம் அரசியலமைப்புக்குப் பொருந்தாது என்று சொல்லிவிட்டது. வியாபாரம் உச்சத்தில் இருக்கும் காலம் அது, நடுவர் அவர்களே! கல்லாப்பெட்டியை விட மனிதரின் ஒரு நாள் பெரிது என்று அங்கே எழுதி வைத்திருக்கிறார்கள்.

"மெதுவாகப் போனால் சோம்பல் வந்துவிடும்" என்றார் தோழர். அமெரிக்க உளவியலாளர் ராபர்ட் லெவின், 31 நாடுகளின் வாழ்க்கை வேகத்தை அளந்து 1999-இல் ஆய்வு வெளியிட்டார். மக்கள் நடக்கும் வேகம், தபால் நிலையத்தில் தபால்தலை வாங்க ஆகும் நேரம், பொதுக் கடிகாரங்களின் துல்லியம், இந்த மூன்றையும் வைத்துக் கணக்கிட்டார். வேகத்தில் சுவிட்சர்லாந்து முதலிடம், அயர்லாந்து இரண்டாமிடம், மூன்றாவது ஜெர்மனி. ஞாயிற்றுக்கிழமை டிரில்லிங் மெஷினை நிறுத்தச் சொல்லும் அதே ஜெர்மனி! அவர்களுக்கு ஓடவும் தெரியும், நிற்கவும் தெரியும். வேலை முடிந்த பொழுதுக்கு 'ஃபையராபெண்ட்' என்றே ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். கொண்டாட்ட மாலை என்று அதைப் பிரிக்கலாம். வேலை முடித்துக் கிளம்பும்போது அதைச் சொல்லித்தான் ஒருவரை ஒருவர் வாழ்த்துகிறார்கள். ஒரு நாள் வேலைக்கும் மறுநாள் வேலைக்கும் நடுவே 11 மணி நேரம் ஓய்வு வேண்டும் என்பது சட்டம். விடுப்பில் இருக்கும்போது காய்ச்சல் வந்து மருத்துவர் சான்று கொடுத்தால், அந்த நாட்கள் விடுப்புக் கணக்கில் கழியாது.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். பகலில் ஒரு வேலை, இரவில் ஒரு வேலை என்று ஓடும் நம் சகோதர சகோதரிகளிடம் போய் மெதுவாக வாழுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது. அவர்களுடைய ஓட்டம் கட்டாயம். நான் பேசுவது, கடன் அடைந்த பிறகும் நிற்க முடியாமல் ஓடுகிற நம்மைப் பற்றி. நாட்டை மாற்றினோம், அவசரத்தை மட்டும் பெட்டியில் வைத்துக் கூடவே கொண்டுவந்துவிட்டோம்.

என் அம்மாவிடம் தினமும் போனில் பேசுவேன். டிராமில் ஏறும்போது பேசத் தொடங்கி, இறங்கும்போது வைத்துவிடுவேன். "சாப்பிட்டியாம்மா, மாத்திரை போட்டியா, சரி, நாளைக்குப் பேசறேன்." நாலு நிமிஷம். தினமும் பேசும் மகள் என்று எனக்குப் பெருமை வேறு. ஒரு ஞாயிற்றுக்கிழமை வேறு வேலை எதுவும் இல்லாததால் ஜன்னலோரம் உட்கார்ந்து பேசினேன். பக்கத்து வீட்டுக் கல்யாணம், மாடிப்படியில் குட்டி போட்ட பூனை என்று அம்மா பேசிக்கொண்டே போனாள். நான் அவசரப்படுத்தவில்லை. அரை மணி நேரம் கழித்து, குரலை இறக்கி, "குளியலறையில வழுக்கி விழுந்துட்டேன்டி, இடுப்பு இன்னும் வலிக்குது" என்றாள். விழுந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. அந்த மூன்று மாதமும் நான் தினம் அவளோடு பேசியிருக்கிறேன்.

நடுவர் அவர்களே, எதிரணி வருமானக் கணக்கை உங்கள் முன் வைத்துவிட்டார்கள். தீர்ப்பு எழுதும்போது என் அம்மாவின் அந்த மூன்று மாதங்களையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நன்றி, வணக்கம்.