நேத்து 1,560 வெள்ளி லாபமா? | ஏர்கோன் கம்பெனி ஒரு நாள் கணக்கு

வணக்கம் மக்களே. பின்னாடி கேக்குறது மழை. மலேசியாவுல எங்க சுங்கை சிப்புட்ல சாயங்காலம் ஆனா இப்படித்தான், தகரக் கூரையில அடிக்கிற அடியில மைக்கு ஒண்ணும் பிடிக்காது. கொஞ்சம் கத்திப் பேசுறேன், கோபத்துல இருக்கேன்னு நினைச்சுக்காதீங்க. கோபம் கொஞ்சம் இருக்கு, அது அண்ணன் மேல.

இன்னிக்கு சமையல் இல்ல, கணக்கு. எங்கண்ணன் ஏர்கோன், அதான் ஏசி, சர்வீஸ் கம்பெனி வச்சிருக்காருன்னு உங்களுக்குத் தெரியும். கம்பெனின்னா ஒரு வேன், அண்ணன், ரெண்டு பையனுங்க, இந்த மேசையில நான். அவ்வளவுதான். எஸ்எஸ்எம்ல, அதான் கம்பெனி பதியுற அரசாங்க ஆபீஸ்ல, கடைப் பேர்ல பதிஞ்சிருக்கு, வருஷத்துக்கு 60 வெள்ளி, அதாவது 60 ரிங்கிட். சொந்தப் பேர்லயே பதிஞ்சா 30தான், ஆனா அண்ணனுக்கு வேன்ல பேர் எழுதிப் பாக்கணும்னு ஆசை.

நேத்து ராத்திரி வந்து ஷூவைக் கழட்டிக்கிட்டே, "பாப்பா, இன்னிக்கு 1,560 வெள்ளி நிக்குது, நல்ல ஓட்டம்"னாரு. நானும் அவர் சொன்ன வரவு போக்கைக் கூட்டிப் பாத்தேன். பேங்குலயும் டப்பாவுலயும் சேத்து, காலையில இருந்ததை விட 1,560 கூடத்தான் வருது. அவர் பொய் சொல்லல. ஆனா அது லாபம் இல்ல.

வாங்க, காலையில இருந்து வருவோம். முதல்ல அண்ணன் தன் சேமிப்புல இருந்து 1,000 வெள்ளியைக் கம்பெனி கணக்குல போட்டாரு. அப்புறம் ஈப்போவுல 280 வெள்ளிக்கு ஏர்கோனுக்கு அடிக்கிற கேஸ் சிலிண்டர் எடுத்தாரு, காசு மாசக் கடைசியில. ஒரு தாமான்ல, அதான் குடியிருப்புல, ஒரு வீட்டுல மூணு ஏர்கோன் கெமிக்கல் வாஷ், ஒண்ணு 120, மொத்தம் 360. அதுல 200 கையில, 160 கியூஆர்ல. அடுத்து ஒரு பாலர்பள்ளியில ஆறு யூனிட், ஒண்ணு 80, அது 480. பில்லு குடுத்தாச்சு, காசு 30 நாள் கழிச்சு. ஒரு கல்யாண மண்டபத்துல அடுத்த மாசம் நாலு ஏர்கோன் மாட்டணும், அதுக்கு முன்பணம் 500 பேங்குக்கு வந்துச்சு. டப்பாவுல இருந்து வேனுக்கு எண்ணெய் 50, ஒரு பையனுக்கு அட்வான்ஸ் 100. கடைசியா அண்ணன் தன் மகனுக்கு ஸ்கூல் ஷூ வாங்க 150 எடுத்தாரு. இதைத்தான் மெதுவா சொன்னாரு.

இப்ப பாருங்க. அந்த 1,000 அவரே போட்டது, அது முதல், அதாவது முதலீடு. இந்தப் பாக்கெட்டுல இருந்து அந்தப் பாக்கெட்டுக்கு மாத்திட்டு சம்பாதிச்சேன்னா எப்படி? மண்டபத்து 500 இன்னும் நம்ம காசே இல்ல. வேலை செய்யலன்னா திருப்பிக் குடுக்கணும்ல, அதனால அது கடன் பக்கத்துல உக்காரும். ஏர்கோன் மாட்டின அன்னிக்குத்தான் வருமானத்துக்கு மாறும். பாலர்பள்ளி 480 வெள்ளியில ஒரு காசு கூட கைக்கு வரல, ஆனா வேலை முடிஞ்சிருச்சு, அது நேத்து சம்பாத்தியம். அப்ப நேத்து உண்மையில சம்பாதிச்சது 360ம் 480ம், 840 வெள்ளி. அதுல எண்ணெய் 50 செலவு போனா 790. கேஸ் இன்னும் சிலிண்டர்லயே இருக்கு, அது சரக்கு. வீட்டு வீட்டுக்கு அடிக்க அடிக்கத்தான் செலவாகும். ஆனா 280 கடன் நேத்தே ஏறிடுச்சு. பையனுங்க சம்பளம் மாசக் கடைசியில வரும், அதையும் மறந்துடாதீங்க.

ஷூ 150 செலவு இல்லையான்னு அண்ணன் கேட்டாரு. இல்லண்ணே. அது முதலாளி எடுத்தது, அவர் போட்ட முதல்ல இருந்து கழியும். செலவுல எழுதி வரியைக் குறைக்க முடியாது. இதே சென்டிரியான் பெர்ஹாட், அதாவது பிரைவேட் லிமிடெட் கம்பெனியா இருந்தா, கம்பெனி வேற ஆள், அண்ணன் வேற ஆள். அந்த 150 அவர் கம்பெனிக்குத் தர வேண்டிய கடனா நிக்கும்.

பையன் வாங்கின அட்வான்ஸும் செலவு இல்ல, அவன் நமக்குத் தர வேண்டியது. சம்பளத்துல கழிச்சுக்கலாம். ஆனா கழிச்ச மிச்சத்துக்கு இபிஎஃப், அதான் தொழிலாளர் சேமநிதி, கட்டாதீங்க, முழுச் சம்பளத்துக்குத்தான் கட்டணும். 5,000 வெள்ளிக்குள்ள சம்பளம் வாங்குற மலேசியக்காரப் பையன்னா அவன் பங்கு 11 விழுக்காடு, முதலாளி பங்கு 13.

எழுதுறது எப்படின்னா, ஒவ்வொண்ணும் ரெண்டு இடத்துல விழும். பாலர்பள்ளி பில்லுக்கு இடது பக்கம் "வர வேண்டியது 480", வலது பக்கம் "சர்வீஸ் வருமானம் 480". காசு வர்ற அன்னிக்கு இடது பக்கம் பேங்கு, வலது பக்கம் வர வேண்டியது. வருமானத்தை ரெண்டாவது தடவை எழுதவே கூடாது. நான் முதல் வருஷம் எழுதினேன். அந்த வருஷம் பேப்பர்ல நாங்க பணக்காரங்க.

இடது பக்கம் டெபிட், வலது பக்கம் கிரெடிட். இங்கதான் எல்லாருக்கும் தலை சுத்தும். பேங்கு ஸ்டேட்மெண்ட்ல காசு வந்தா கிரெடிட்னு இருக்கு, நீ ஏன் டெபிட்ல எழுதுறேன்னு கேப்பாங்க. அது பேங்கோட புத்தகம்ங்க. நம்ம காசு அவங்களுக்குக் கடன், அதனால அவங்க வலது பக்கம் எழுதுறாங்க. நம்ம புத்தகத்துல அது சொத்து, இடது பக்கம். கண்ணாடியில பாத்தா வலது இடதா தெரியும்ல, அது மாதிரி.

அண்ணன் முன்னெல்லாம் 555 புக்குலதான் எழுதுவாரு. சட்டைப் பாக்கெட்டுல அடங்குற அந்த சின்னப் புக்கு, கடைக்காரங்க கடன் எழுதுவாங்களே, அதேதான். புக்கு மேல எனக்குக் கோபம் இல்ல. அவர் ஞாயித்துக்கிழமை உக்காந்து ஒரு வாரத்தை ஞாபகத்துல இருந்து எழுதுனதுதான் கோபம். போன வருஷம் ஒரு கஸ்டமர், பேர் வேணாம், 960 வெள்ளி பாக்கி. நாலு மாசம் கழிச்சுக் கேட்டா, "உங்க பையன்கிட்ட அன்னிக்கே கையில குடுத்துட்டேனே"ங்கறாரு. பையன் இல்லவே இல்லங்கறான். ரசீதும் இல்ல, அன்னிக்கு எழுதின வரியும் இல்ல. யாரைத் திருடன்னு சொல்றது? விட்டுட்டோம். பையன் அடுத்த மாசமே வேலையை விட்டுட்டான். எனக்கு 960ஐ விட அதுதான் இன்னும் உறுத்துது.

இதைப் பாட்டிகிட்ட சொன்னா சிரிக்குது. அது வேலை செஞ்ச ரப்பர் தோட்டத்துல விடியறதுக்கு முன்னாடி பெரட்டுக்கு, அதான் ஆள் கணக்கெடுக்க, நிக்கணும். கிராணி, அதாவது தோட்டத்துக் கிளார்க்கு, செக்ரோல்ங்கற வருகைப் புத்தகத்துல பேர் போடணும். பேர் விழலன்னா அன்னிக்கு எத்தனை மரம் பால் வெட்டினாலும் சம்பளம் இல்ல. "வெள்ளைக்காரன் அன்னிக்கன்னிக்கு எழுதினான், உங்கண்ணன் வாரத்துக்கு ஒரு தடவை எழுதுறான்"னுச்சு. அந்த செக்ரோல்ல பாட்டிக்கும் எத்தனையோ நாள் விடுபட்டுப் போயிருக்கு, அதையும் சொல்லும்.

இப்ப நம்பர் அடிச்ச ரசீது புக்கு வேன்லயே இருக்கு. ஒரு நம்பர் காணோம்னா அன்னிக்கு ராத்திரியே கேப்பேன். எண்ணெய்க் கடை ரசீதை வாங்கின உடனே போட்டோ எடுத்துருங்க, அந்தத் தாள்ல எழுத்து மங்கிப் போயிடும். வருமான வரிக்காரங்க கணக்கை 7 வருஷம் வச்சிருக்கச் சொல்றாங்க, வெறும் வெள்ளைத் தாளை வச்சு என்ன பண்றது? ஒரு வரவு செலவு நடந்தா 60 நாளைக்குள்ள புத்தகத்துல ஏறணும்னும் இருக்கு. நான் அண்ணனுக்கு அந்த 60ஐச் சொல்லவே இல்ல. சொன்னா 59வது நாள்தான் வருவாரு.

சரி, டப்பாவைத் திறக்குறேன். நேத்து காலையில 240 இருந்துச்சு. வந்தது 200. போனது எண்ணெய் 50, அட்வான்ஸ் 100, ஷூ 150. அப்ப 140 இருக்கணும். எண்ணுவோம்... அம்பது, நூறு, நூத்தி இருவது, முப்பது... 132 வெள்ளி 50 காசு.

ஏழரை வெள்ளி இடிக்குது. ஒரு நிமிஷம். அண்ணே! நேத்து ரொட்டி சானாய் கடைக்குப் போனீங்களா?