முழங்கையிலிருந்து அளவெடுப்போம்

நேயர்களுக்கு வணக்கம். செங்கோட்டையில் இயன்முறை மருத்துவராகப் பணிபுரியும் என்னிடம், வயலில் குனிந்தவர்களையும் மரக்கடையில் தடி தூக்கியவர்களையும் போலவே, நாளெல்லாம் கணினி முன் அமர்ந்திருப்பவர்களும் இப்போது கழுத்து வலியோடும் குறுக்கு வலியோடும் வருகிறார்கள். அவர்களில் பலர் முன்னரே ஆரியங்காவு தாண்டிக் கேரளத்தின் புனலூர்ப் பக்கம் சென்று, எண்ணெய் தேய்த்து உடலை உருவிவிடும் உழிச்சல் செய்துகொண்டவர்கள். உழிச்சல் சுகம் தரும். ஆனால் திரும்பி வந்து அதே மேசையில் அமர்ந்தால் சில நாட்களில் வலியும் திரும்பி வந்துவிடுகிறது. எனவே மேசையைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

நம் ஆசாரிமார் மேசையை வழக்கமாக இரண்டரை அடி, அதாவது 30 அங்குல உயரத்தில் செய்கிறார்கள். ஐந்தடி உயரமுள்ள ஒரு பெண் 17 அங்குல உயர நாற்காலியில் நிமிர்ந்து அமர்ந்து, தோளைத் தளர்த்தி முழங்கையை மடக்கினால், அந்த முழங்கை தரையிலிருந்து ஏறத்தாழ 25 அங்குலத்தில்தான் இருக்கும். குறையும் ஐந்து அங்குலத்தை அவர் தோளைத் தூக்கி ஈடுகட்டுகிறார். எட்டு மணி நேரம் தூக்கியபடியே இருக்கும் தோளில் தசை இறுகிப்போவதுதான் பெரும்பாலும் அந்தக் கழுத்து வலியின் தொடக்கம். ஆகவே, விலை உயர்ந்த நாற்காலியைத் தேடுவதற்கு முன் முழங்கையின் உயரத்தை அளந்துகொள்ளுங்கள். பழைய மரமேசையாக இருந்தால், ஆசாரியை அழைத்துக் கால்களை நான்கு அங்குலம் அறுத்துவிடச் சொல்லுங்கள். அறுக்க முடியாத அலுவலக மேசை என்றால், கெட்டியான மெத்தையிட்டு இருக்கையை உயர்த்தலாம். அப்போது பாதம் தரையில் பதியாமல் இருக்கையின் விளிம்பு தொடையை அழுத்தும் என்பதால், காலடியில் ஒரு மணைப்பலகையைப் போட்டுக்கொள்ள வேண்டும். இடுப்பின் வளைவுக்குச் சுருட்டிய துண்டு ஒன்று போதும்.

மடிக்கணினியில் திரையும் விசைப்பலகையும் ஒட்டியே இருப்பதால், கைக்கு வசதியாக வைத்தால் கழுத்து குனிகிறது. கண்ணுக்கு வசதியாக வைத்தால் கை உயர்கிறது. தனி விசைப்பலகையும் மவுஸும் வாங்கி, கணினியைப் புத்தக அடுக்கின் மேல் ஏற்றி, திரையின் மேல்விளிம்பு கண்மட்டத்துக்கு வருமாறு ஒரு கை நீளத் தொலைவில் வையுங்கள். வெள்ளெழுத்துக்காக இரட்டை வில்லைக் கண்ணாடி அணிபவர்கள் மட்டும் திரையைச் சற்றுத் தாழ்த்திக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் கீழ்வில்லை வழியே பார்ப்பதற்காக முகவாயை உயர்த்தி உயர்த்திக் கழுத்தைக் கெடுத்துக்கொள்வார்கள்.

நம் பகுதிக்கே உரிய ஒன்றையும் சொல்ல வேண்டும். திரையைப் பார்க்கும்போது நாம் இமைப்பது குறைகிறது; கணவாய் வழியே வரும் சாரல் காற்றும் முகத்தில் நேராக அடித்தால் கண் விரைவில் உலர்ந்துவிடும். அதனால் ஜன்னல் பக்கவாட்டில் இருக்கட்டும். திரையில் வெளிச்சமும் பட்டுக் கூசாது. 20 நிமிடத்துக்கு ஒருமுறை, 20 அடிக்கு அப்பால் எதையேனும் 20 விநாடி பாருங்கள். நமக்கு அதற்கு மலை இருக்கிறது. அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நாலு எட்டு நடந்துவிட்டு வாருங்கள்.

கையோ காலோ மரத்துப்போனாலும், வலி இரவுத் தூக்கத்தைக் கெடுத்தாலும், மேசையைத் திருத்திவிட்டுக் காத்திராமல் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். வணக்கம்.